பதற்றம் எங்கே பிறக்கிறது? ஒரு டிவி காட்சியைப் பிரித்துப் பார்ப்போம்

எங்கள் ஆச்சி விளக்கேற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். பாளையங்கோட்டை வீட்டில் ஒரு நாள் அப்படி நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது, பேசுவதற்காக டிவி சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டேன். திரையில் மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஆச்சி என் பக்கம் திரும்பினாள். "ஏலே, சத்தத்த வையி. அந்தப் பிள்ள அழுதது எனக்கு ஒண்ணுமே தோணல."

அதே நடிகை, அதே கண்ணீர். சத்தம் போனதும் அது வெறும் தண்ணீர் ஆகிவிட்டது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "அப்போ எல்லாம் மியூசிக்தான்" என்பது. இல்லை. ஆச்சியை டிவிக்கு முதுகு காட்டி உட்கார வைத்து வசனத்தையும் இசையையும் மட்டும் கேட்க வைத்திருந்தாலும் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொரு கூட்டம் "எல்லாம் நடிப்புதான்" என்று சொல்லும், இன்னும் சிலர் பதற்றமான காட்சி என்றால் வேகம், கத்தல், இடிச்சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காட்சிகளைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே யாரும் கத்துவதில்லை, கேமரா ஓடுவதில்லை, இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள், நமக்குத்தான் வயிற்றைப் பிசையும். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். கேமரா தொட்டிருக்க வேண்டியதில்லை, டிவி பார்க்கிறவராக இருந்தால் போதும்.

முதலில், பதற்றம் என்றால் என்ன?

ஒரு பிள்ளை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். நீங்கள் வயலின் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள், கூப்பிட்டால் கேட்காத தூரம். அவன் உள்ளே விழுந்துவிட்டால் உங்களுக்கு வருவது அதிர்ச்சி. அவன் விழாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் உங்களுக்குள் ஓடுகிறதே, அதுதான் பதற்றம். ஏதோ நடக்கலாம் என்று தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை, போய்த் தடுக்கவும் முடியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை. அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். பதற்றம் முழுக்கப் பார்க்கிற உங்களிடம் இருக்கிறது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதையே வேறு விதமாகச் சொன்னார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ அவரைப் பல நாள் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார், அதில் வரும் உதாரணம் இது. இரண்டு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்கு 15 நொடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு இருப்பதையும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதையும் பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றாகக் கால் மணி நேரம் இருக்கிறது என்றும் காட்டிவிட்டால், அதே உப்புச்சப்பில்லாத பேச்சு 15 நிமிடப் பதற்றம் ஆகிவிடும். பேச்சு மாறவில்லை, நடிப்பு மாறவில்லை. நமக்குத் தெரிந்த விஷயம்தான் மாறியது.

"முன்னாலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடாதா?" என்று கேட்பார்கள். நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. சுடலைமாடன் கதை தெரியாதவர் நம் சீமையில் எத்தனை பேர்? வருஷா வருஷம் அதே கதைதான், இருந்தாலும் வில்லுப்பாட்டில் புலவர் முக்கியமான கட்டத்துக்கு வரும்போது நடுச்சாமத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த சனமும் நிமிர்ந்து உட்காரும். அடுத்து என்ன என்று தெரிவதால்தான் நிமிர்கிறார்கள்.

சரி, இதுவரை: பதற்றம் என்பது தெரிந்துகொண்டு காத்திருப்பது. நமக்கு என்ன தெரியும், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்ற இரண்டையும் கையில் பிடித்திருப்பவர்தான் இயக்குநர். கேமராவும் எடிட்டிங்கும் ஒலியும் அவர் இந்த இரண்டையும் கூட்டிக் குறைக்கும் கருவிகள்.

நாமே ஒரு காட்சி வைத்துக்கொள்வோம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீடு. பேச்சியம்மாள், அவள் வீட்டுக்காரன் முருகன். இன்னும் மூன்று நாளில் அவள் தங்கைக்குக் கல்யாணம், ஆறு பவுன் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். சங்கிலி லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று முருகன் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் துவைப்பதற்காக அவன் சட்டைப் பையைத் துழாவும்போது ஒரு அடகுச் சீட்டு கிடைக்கிறது. அதை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறாள். ஓரம் கொஞ்சம் வெளியே தெரிகிறது. வாசலில் பைக் சத்தம். முருகன் வருகிறான், கால் கழுவுகிறான், சாப்பிட உட்காருகிறான். அவள் தோசை ஊற்றுகிறாள்.

மேஜைக்கு அடியில் இருந்த குண்டு இங்கே அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

எவ்வளவு தூரத்தில் நம்மை நிறுத்துகிறார்கள்

தெருவில் ஒரு சண்டை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது ஒரு வேடிக்கை. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறவர் திடீரென்று குரல் நடுங்கிப் பேச ஆரம்பித்தால் அது வேடிக்கை இல்லை, உங்கள் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும். தூரம் குறையக் குறைய நமக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போகிறது. கேமரா செய்வதும் இதைத்தான்.

கேமரா நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் காட்டும் ஒரு துண்டுக்கு ஷாட் என்று பெயர். அறை முழுக்கத் தெரிந்தால் வைட் ஷாட், இடுப்புக்கு மேலே என்றால் மிட் ஷாட், முகம் மட்டும் என்றால் குளோசப். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரைக் காட்டுவதை நம் ஊர் யூனிட்டில் சஜஷன் என்பார்கள். இந்த நான்கும் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

நம் காட்சி வைட் ஷாட்டில் தொடங்கலாம். அடுப்படி முழுக்கத் தெரிகிறது. இந்தப் பக்கம் அடுப்பு முன்னால் அவள், அந்தப் பக்கம் தரையில் அவன், நடுவில் மேடையில் அஞ்சறைப் பெட்டி. எது எங்கே இருக்கிறது என்று நமக்கு முதலிலேயே தெரிய வேண்டும், பிறகு அவன் எழுந்து தீப்பெட்டி எடுக்க அந்த மேடைப் பக்கம் கையை நீட்டும்போது, சீட்டின் ஓரத்துக்கு அவன் விரல் எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று நாம் மனதுக்குள் அளந்துகொள்ள முடியும். இடம் புரியாத காட்சியில் பதற்றம் நிற்காது, குழப்பம்தான் வரும். அதனால்தான் இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவைப் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் வைத்து எடுப்பார்கள். இமேஜினரி லைன் என்பது இதுதான். கோட்டைத் தாண்டினால் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வலது பக்கம் பார்ப்பதுபோல் இருக்கும், நமக்குக் காரணம் தெரியாமலே ஒரு தடுமாற்றம் வரும்.

லென்ஸும் தூரத்தை மாற்றும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைப் போனில் நன்றாக ஜூம் செய்து படம் எடுத்துப் பாருங்கள், பாலத்தில் வரும் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நெரிசலாகத் தெரியும். தூரத்தில் நின்று இப்படி இழுத்து எடுத்தால், பின்னால் இருப்பது முன்னால் இருப்பவரின் முதுகில் வந்து ஏறிக்கொள்ளும். அடுப்படியில் பேச்சியம்மாளை இப்படி எடுத்தால், நாலடி தள்ளி இருக்கிற முருகன் அவள் கழுத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். யாரும் எதுவும் சொல்லாமலே மூச்சு முட்டும்.

டிவிக்கு என்று ஒரு தனி விஷயம் உண்டு. திரை சிறியது, ஹாலில் நாலு பேர் பேசிக்கொண்டு இருப்பார்கள், பாதிப் பேர் இப்போது போனில் பார்க்கிறார்கள். சின்னத் திரையில் வைட் ஷாட்டில் முகம் சுண்டைக்காய் அளவுக்குத்தான் தெரியும், அதனால் டிவி எப்போதுமே குளோசப்பை அதிகம் நம்பும். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு காட்சியின் முதல் ஷாட்டிலிருந்தே எல்லார் முகத்தையும் நெற்றி முதல் தாடை வரை காட்டிக்கொண்டே போனால், முக்கியமான நொடி வரும்போது இன்னும் பக்கத்தில் போக இடம் இருக்காது. நம் தினசரி நாடகங்கள் தோற்கிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நடிப்பவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. பேச்சியம்மாளின் முகத்துக்குக் கேமரா ஒரே ஒரு தடவை மட்டும் முழுசாகப் பக்கத்தில் போகட்டும், அது எப்போது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒட்டும் இடத்தில் பிறக்கும் உணர்ச்சி

ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கட். எங்கே வெட்டி எதோடு ஒட்டுவது என்ற வேலை எடிட்டிங். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஒரே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சூப் கிண்ணம், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வேறு வேறு படங்களை ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பது அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. முகம் ஒன்றுதான், பக்கத்தில் வைத்தது மட்டும் வேறு. குலெஷோவ் விளைவு என்று இன்றைக்கும் உலகம் முழுக்க சினிமா வகுப்புகளில் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

இதை நம் அடுப்படியில் வைத்துப் பார்ப்போம். முருகன் தோசையைப் பிட்டுச் சொதியில் தோய்த்து மெல்லுகிறான், முகத்தில் எதுவும் இல்லை. இந்த ஷாட்டுக்கு அடுத்து அடகுச் சீட்டின் ஓரத்தை ஒட்டினால், "எப்படி அசையாம இருக்கான் பாரு, கல்நெஞ்சுக்காரன்" என்று நம் மனசு சொல்லும். அதே ஷாட்டுக்கு அடுத்து, ஜன்னல் ஓரம் மாட்டியிருக்கிற ஒரு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறையையும் உள்ளறையில் படுத்திருக்கிற அவன் அம்மாவின் காலையும் ஒட்டினால், அதே மெல்லுதல் சோகமாகிவிடும், தொண்டையில் இறங்காமல் சாப்பிடுகிறான் என்று தோன்றும். முருகனாக நடித்தவர் இரண்டுக்கும் ஒரே தடவைதான் தோசை சாப்பிட்டார்.

"நல்லா நடிச்சிருக்கான்" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு எடிட்டருக்குச் சேர வேண்டியது. இதைச் சொன்னால் சிலருக்கு நடிப்பைக் குறைத்துப் பேசுவதுபோல் இருக்கிறது, நான் அப்படிச் சொல்லவில்லை. நடிகர் கொடுத்த முகத்தில் நாம் எதைப் படிக்கிறோம் என்பதை அதன் அக்கம்பக்கம் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பேசுகிறவரைக் காட்டாமல் கேட்கிறவரைக் காட்டுவது. இதற்கு ரியாக்‌ஷன் ஷாட் என்று பெயர். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒற்றை "ஆமா" கதையில் ஒன்றையும் கூட்டுவதில்லை, ஆனால் சொன்னது நமக்குள் இறங்குவதற்கு ஒரு நொடி கிடைக்கிறது, எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரிந்துவிடுகிறது. ரியாக்‌ஷன் ஷாட் டிவியின் "ஆமா". முருகன், "சங்கிலிய கல்யாணத்தன்னைக்குக் காலைல போய் எடுத்துக்கிடலாம்" என்று சொல்லும்போது அவன் வாயைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பேச்சியம்மாளின் கையில் இருக்கிற தோசைத்திருப்பியைக் காட்டினால் போதும். அது ஒரு கணம் கல்லின் மேல் அப்படியே நிற்கிறது.

அந்த ஒரு கணம் எவ்வளவு? நம் நாட்டு டிவியில் ஒரு நொடிக்கு 25 படம் ஓடுகிறது, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். எடிட்டர்கள் உட்கார்ந்து ஆறு ஃபிரேம் கூட்டு, எட்டு ஃபிரேம் குறை என்று பார்ப்பார்கள், ஆறு ஃபிரேம் என்றால் கால் நொடிகூட இல்லை. தோசைத்திருப்பி நிற்பது கொஞ்சம் குறைந்தால் நமக்குப் பதியாமல் போய்விடும், கொஞ்சம் கூடினால் "பாரு, நிறுத்திட்டா" என்று விரலால் சுட்டிக்காட்டுவதுபோல் ஆகிவிடும். பதற்றக் காட்சியில் வேகமாக வெட்ட வேண்டும் என்று நினைப்பது தப்பு என்று இப்போது தெரிந்திருக்கும். நாம் எதிர்பார்க்கிற நேரத்தில் வெட்டாமல், அந்த ஷாட்டிலேயே இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைப்பதுதான் காக்க வைப்பது. அதிர்ச்சியான ஒரு வசனத்துக்கு ஒரே முகத்தை மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டுவார்களே, அது ஏன் ஒட்டவில்லை என்றும் இதிலிருந்தே புரியும். அங்கே காத்திருப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை, குண்டு வெடித்து முடிந்துவிட்டது.

சுருக்கமாக, தூரம் நம்மை உள்ளே இழுக்கிறது, ஒட்டும் விதம் முகத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது, வெட்டாமல் தள்ளிப்போடுவது நம்மைக் காக்க வைக்கிறது.

காதுக்குள் நடப்பது

ராத்திரி ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. கரண்ட் போய் ஃபேன் நின்றதும் முழிப்பு வந்துவிடும். வியர்ப்பதற்கு முன்னாலேயே முழிப்பு வரும், காரணம் சத்தம் நின்றது. மாறாமல் தொடர்ந்து வரும் சத்தத்தை மூளை ஒதுக்கி வைத்துவிடுகிறது, மாற்றம் வந்தால்தான் கவனிக்கிறது. ஒலியை வைத்துப் பதற்றம் உண்டாக்குகிறவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு காட்சியில் பேச்சு போக மூன்று அடுக்கு ஒலி இருக்கும். இடத்தின் சத்தம் ஒன்று, ஃபேன், தெருவில் போகும் வண்டி, தூரத்துக் கோயில் ஸ்பீக்கர் எல்லாம் இதில் வரும், ஆம்பியன்ஸ் என்பார்கள். பொருட்களின் சத்தம் இன்னொன்று, தட்டு வைப்பது, வளையல் உரசுவது, மாவு கல்லில் விழுவது. இவற்றில் பலவற்றைப் படப்பிடிப்பு முடிந்தபிறகு ஸ்டுடியோவில் தனியாக உண்டாக்கிச் சேர்ப்பார்கள், அந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். மூன்றாவது பின்னணி இசை, நம் ஆட்கள் ஆர்.ஆர். என்பது.

எல்லாரும் மூன்றாவதைத்தான் கவனிக்கிறார்கள், எனக்கு முதல் இரண்டும்தான் பெரிதாகத் தெரிகிறது. இசை வந்தவுடன் "இது பயப்பட வேண்டிய இடம்" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் ஆகிவிடலாம். தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம் வழக்கத்தைவிட ஒரு பொட்டு கூடுதலாக இருந்தால் அதை நாம் நாமாகவே கண்டுபிடிக்கிறோம், நாமாகக் கண்டுபிடித்தது ஆழமாக இறங்கும். வீட்டில் அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நாம் எல்லாரும் சின்ன வயதில் பாத்திரச் சத்தத்திலிருந்துதானே தெரிந்துகொண்டோம்?

இசைக்கும் இடம் உண்டு, அதற்கும் நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவி இரண்டை அடிப்பார்கள், கேளுங்கள், ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். மந்தம் அடிவயிற்றில் இருந்துகொண்டே இருக்கும், உச்சம் ஏறி ஏறிப் போகும், சாமி வரும் நேரத்தில் அடி நெருங்கி நெருங்கி வந்து சட்டென்று ஓரிடத்தில் நிற்கும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டிவியில் அந்த மந்தத்தைக் கொண்டுவருவது கஷ்டம், டிவி பெட்டியிலும் போனிலும் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் அடி ஒலி சரியாக வராது. நாடகங்கள் கீச்சென்ற ஒலியையும் இடியையும் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நின்றுபோவது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும்.

வெளிச்சம்

இதில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. தெரிந்த வீட்டிலேயே ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் மூலைகள் இருட்டாக இருந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயப்படுவார்கள், தெரியாத இடத்தை மனசே நிரப்பிக்கொள்ளும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தால் மறுபக்கத்தை நாம் தேடிக்கொண்டே இருப்போம். முருகன் முகத்தைப் பாதி இருட்டிலும் பேச்சியம்மாள் முகத்தை அடுப்பு வெளிச்சத்திலும் வைத்தால் யாருக்கு எது தெரியும் என்பது வெளிச்சத்திலேயே வந்துவிடும். அவ்வளவு போதும், அதற்கு மேல் நீலமும் சிவப்பும் கொட்டினால் அடுப்படி அடுப்படியாக இருக்காது.

இப்போது காட்சியை ஓட விடுவோம்

வைட் ஷாட். அடுப்படி. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. ஆர்.ஆர். கிடையாது. முருகன் சாப்பிடுகிறான், கல்யாண மண்டபத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், பஸ்ஸா காரா என்று பேச்சு போகிறது.

மிட் ஷாட். அவன் எழுந்து தீப்பெட்டி எடுக்க மேடைப் பக்கம் கை நீட்டுகிறான். அஞ்சறைப் பெட்டி லேசாக நகர்கிறது. சீட்டின் ஓரம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. அவன் பார்க்கவில்லை. நாம் பார்த்துவிட்டோம், அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் கல்லில் இருக்கிற தோசையைத் திருப்பாமல் விட்டதில் தெரிகிறது. தோசை கருகும் சத்தம்.

"ஏட்டி, தோச கருகுது பாரு" என்கிறான். திரும்ப வந்து உட்காருகிறான்.

அவள் அந்தத் தோசையைத் தள்ளிவிட்டு வேறொன்று ஊற்றுகிறாள். ஊற்றி முடித்து, வேகும்வரை நின்று, எடுத்து, அவன் தட்டில் கொண்டுவந்து வைக்கும்வரை ஒரு கட் கூட இல்லை. நிஜ வாழ்க்கையில் ஆகிற நேரம் இங்கேயும் ஆகட்டும். பார்ப்பவர்கள் தவிக்கட்டும்.

இப்போதுதான் குளோசப், இந்தக் காட்சியில் ஒரே ஒரு தடவை. குனிந்து தோசையை வைக்கும் பேச்சியம்மாளின் முகம். அவள் அவனைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்.

"ஏங்க, ஒங்க வெள்ளச் சட்டையத் துவைக்கப் போட்டுட்டேன்."

அவன் முகத்துக்குக் கட் செய்யக் கூடாது. அவன் கையை மட்டும் காட்ட வேண்டும், தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த விரல்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டில் கிரைண்டர் நிற்கிறது.